உறைபனி உழும் களிமண்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் களிமண் என்று சொன்னால் ஏரியும் ஏரிக்குக் கீழுள்ள வயலும்தான் நினைவுக்கு வரும். மேட்டு நிலங்களில் செம்மண்ணும் சரளையும் கிடக்க, பள்ளத்தில் ஒதுங்கிய கருமண் மழைக்குக் காலில் அப்பி, கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். இப்படிப்பட்ட ஏரி மண்ணே ஒரு பெரிய சமவெளி முழுவதும் விளைநிலமாகப் பரந்து கிடக்கும் இடம் ஒன்று கனடாவில் இருக்கிறது. சஸ்காட்செவான் மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவைச் சுற்றியுள்ள அந்தச் சமவெளியின் மண்ணைப் பற்றிச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். மண்ணோடு தொழில்முறையில் பழகியவன் என்பதால் வந்த ஆர்வம் ஒரு பக்கம். நம் வீடுகளில் கடைந்து சோற்றில் ஊற்றிக்கொள்ளும் மைசூர் பருப்பில் கணிசமான பங்கு அந்த மாகாணத்தில் விளைந்து கப்பலேறி வருகிறது என்பது இன்னொரு பக்கம்.

படிக்கப் படிக்க எனக்கு உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. ஒரு களிமண்ணில் எத்தனை விழுக்காடு களி இருக்கிறது, அது எந்தக் கனிமம் என்று அறிந்துகொண்டால் பாதிதான் தெரிந்ததாகும். மீதிப் பாதியை அது எந்த வானத்தின் கீழ் கிடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

ரெஜைனாவின் வானம் கடுமையானது. ஆண்டு மழையும் பனியும் சேர்த்து அங்கே விழுவது சுமார் 390 மி.மீ. மட்டுமே, நம் மாவட்டத்தில் பெய்வது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1885 ஜனவரி 1 அன்று அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 50 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. அதே சமவெளியில், ரெஜைனாவுக்குத் தென்கிழக்கே உள்ள யெல்லோ கிராஸ் என்னும் சிற்றூரில் 1937 ஜூலை 5 அன்று வெயில் 45 டிகிரியைத் தொட்டது. 2021 வரை கனடா நாட்டின் உச்ச வெப்பப் பதிவாக அதுவே இருந்தது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, ஆண்டில் நான்கு மாதத்துக்கும் குறைவான உறைபனியற்ற காலத்தில், அந்த மண் ஒரு பயிரை விளைவித்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு களி அங்கே எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலப்பரப்பு ஓர் ஆழமற்ற கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலின் சேறு, எரிமலைகள் கக்கிய சாம்பலோடு சேர்ந்து படிந்து, களிப்பாறையாக இறுகியது. மிகப் பின்னால் வந்த பனியுகத்தில், கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிப்படலம் அந்தக் களிப்பாறையைச் சுரண்டி அரைத்துத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன் அப்பனி உருகிப் பின்வாங்கியபோது, வடக்கே பனிச்சுவர் வழியை அடைத்து நிற்க, உருகிய நீர் வெளியேற இடமின்றி ஏரியாகத் தேங்கியது. ரெஜைனா பனியுக ஏரி என்று அதை அழைக்கிறார்கள். மணலும் கல்லும் கரையோரத்திலேயே தங்கிவிட, மிக நுண்ணிய துகள்கள் மட்டும் அசையாத நீரின் நடுப்பகுதிவரை மிதந்து சென்று மெல்லப் படிந்தன. ஏரி வடிந்த பிறகு எஞ்சியது, கல் இல்லாத, மேடுபள்ளம் அதிகம் இல்லாத, கனத்த களித்தரை. அங்குள்ள மண்ணில் களியின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சில இடங்களில் 70, 80 வரைகூடச் செல்கிறது. உழவர்கள் அதைக் கம்போ என்கிறார்கள்.

களி என்பது 0.002 மி.மீ.க்கும் சிறிய துகள். ஆனால் எல்லாக் களியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நம் செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அதன் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் நடுவில் நீர் நுழைய முடியாது. ரெஜைனா களியில் ஆட்சி செய்வது ஸ்மெக்டைட் குடும்பம். கவுளியாக அடுக்கிய வெற்றிலைபோல அதன் மெல்லிய அடுக்குகள் தளர்ந்து கிடக்கின்றன. ஈரம் பட்டால் அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்து விலக்குகிறது, காய்ந்தால் அவை மீண்டும் நெருங்கிவிடுகின்றன. ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் உள்ளும் புறமுமான மேற்பரப்பை விரித்துக் கணக்கிட்டால் 800 சதுர மீட்டர் வரை வரும். கயோலினைட்டில் அது சில பத்துகளைத் தாண்டாது. நீரையும் சத்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல், வீங்கிச் சுருங்கும் குணம், காலில் ஒட்டும் பசை ஆகிய அனைத்தும் இந்தப் பரப்பிலிருந்தே பிறக்கின்றன.

நம் பக்கத்துப் பள்ளத்துக் கருமண்ணிலும் ஸ்மெக்டைட் உண்டு. ஆனால் அது வந்த வழி வேறு. இங்கே அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கெட்டிப்பாறை. அது மேட்டில் சிதைந்து செம்மண்ணாகிறது. அதிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சிலிக்காவும் பள்ளத்தில் தேங்கும் இடத்தில் ஸ்மெக்டைட் புதிதாக உருவாகிறது. அங்கே மண் தன் களியைக் கடலடிப் பாறையிலிருந்து ஆயத்தமாகப் பெற்றுக்கொண்டது. குளிரும் வறட்சியும் வேதிச் சிதைவை மிக மெதுவாக்குவதால், வந்த களி ஏறக்குறைய வந்தபடியே இருக்கிறது.

இந்த மண்ணின் முகத்தில் முதலில் தெரிவது வெடிப்பு. கோடையின் பிற்பகுதியில் பயிர் ஈரத்தை உறிஞ்சி முடித்ததும், கைவிரல்கள் நுழையும் அகலத்தில் தொடங்கி ஒரு மீட்டர் ஆழம்வரை மண் பிளந்துகொள்கிறது. மேலிருக்கும் கறுத்த மண் அப்பிளவுகளில் உதிர்ந்து விழுகிறது. பின்னர் ஈரம் வந்து கீழ்மண் வீங்கும்போது, உள்ளே விழுந்த மண்ணுக்கும் சேர்த்து இடம் போதாமல், பெரிய பெரிய பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகச் சறுக்கி நகர்கின்றன. குழி வெட்டிப் பார்த்தால் அவ்வாறு உரசிய முகங்கள் மெருகேறிய வழவழப்போடும் நேர்க்கோட்டுக் கீறல்களோடும் தெரியும். இத்தகைய மண்ணை வெர்டிசால் என்று வகைப்படுத்துகிறார்கள். இதை வெப்ப நாடுகளின் மண் என்றே நீண்ட காலம் கருதிவந்தார்கள். கனடாவின் மண் வகைப்பாட்டில் வெர்டிசால் தனி வரிசையாக இடம்பெற்றது 1998இல்தான். அதற்கு முன்பு ரெஜைனா களிமண் செர்னோசம் என்னும் புல்வெளிக் கருமண்ணோடு சேர்த்து எண்ணப்பட்டது. அமெரிக்க வகைப்பாடு குளிர்நில வெர்டிசாலுக்குக் கிரையெர்ட் என்று தனிப்பெயரே கொடுத்திருக்கிறது.

என்னை மிகவும் ஈர்த்த பகுதி குளிர்காலம். அங்கே தரை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம்வரை உறைந்துபோகிறது. உறையும் மண்ணில், இருந்த இடத்திலேயே நீர் கட்டியாவதோடு கதை முடிவதில்லை. உறையும் விளிம்பை நோக்கிச் சுற்றிலுமுள்ள ஈரம் இழுக்கப்பட்டு, மெல்லிய பனித்தகடுகளாக வளர்கிறது. ஈரத்தை இழந்த களி அத்தகடுகளுக்கு நடுவில் நெருக்கப்பட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. பனி மூடாத இடங்களில், வறண்ட குளிர்காற்று அந்தப் பனித்தகடுகளை உருகவிடாமல் அப்படியே ஆவியாக்கி எடுத்துச் சென்றுவிடுகிறது. இலையுதிர்காலத்தில் கோடாரியால்கூட உடைக்கக் கடினமான கட்டிகள், வசந்தத்தில் உதிரியான குருணையாக மாறிக் கிடப்பதன் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பி, ஊர் ஏரியிலிருந்து எடுத்த களியை நன்றாகப் பிசைந்து இரண்டு உருண்டைகள் செய்தேன். ஒன்றைத் திண்ணை நிழலில் உலரவிட்டேன். மற்றொன்றை மூடாமல் ஒரு தட்டில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் விட்டு, இடையிடையே வெளியே எடுத்து இளகவைத்து மறுபடியும் உள்ளே வைத்தேன். நிழலில் உலர்ந்தது கல்லாகிவிட்டது. தரையில் போட்டால் ஒலிக்கிறது. ஃப்ரீசரில் இருந்ததை எடுத்து உலரவிட்டபோது, மேற்பரப்பில் முதலில் மயிரிழை அளவுக் கோடுகள் தோன்றின. விரலால் அழுத்தியதும் செதில் செதிலாகப் பிரிந்து, உள்ளங்கையில் தேய்க்கையில் கம்பு அளவுக் குருணையாகவும் அதைவிடச் சிறிய பொடியாகவும் உதிர்ந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் அந்தப் பொடியைக் காட்டினேன். கையில் வாங்கி நெருடிப் பார்த்துவிட்டு, “இத எந்தக் கலப்பையில ஓட்டின தம்பி?” என்று கேட்டார். உறைபனி என்றேன். சிறிது நேரம் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனத்த மண்ணில் உழுது உழுது தோள் தேய்ந்த எவருக்கும் இது பெரிய கொடையாகத் தோன்றும். விதைப்புக்கு முன் அங்கே மண்ணை உடைக்கும் வேலையின் பெரும்பகுதியைக் குளிரே செய்து முடித்துவிடுகிறது. கனரக எந்திரங்கள் ஏறி இறுக்கிய நிலத்தையும் ஓரளவு தளர்த்திக் கொடுக்கிறது. ஆனால் அதே குருணைதான் அந்த மண்ணின் மிகப் பெரிய ஆபத்தும். தனிக் களித்துகள் மிகச் சிறியது. ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும்வரை காற்றால் அதை எடுக்க முடியாது. உறைபனி அதை மணல் அளவுள்ள சிறு உருண்டைகளாக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. 0.84 மி.மீ.க்குச் சிறிய குருணைகள் காற்றில் அடித்துச் செல்லப்படக்கூடியவை என்பது காற்றரிப்பு ஆய்வில் நிலைபெற்ற அளவு. அவை தரையில் துள்ளித் துள்ளி ஓடி, மோதும் இடத்தில் மேலும் குருணைகளைக் கிளப்புகின்றன. கனமான மண் என்று நாம் சொல்லும் களிமண், மணற்பாங்கான நிலத்துக்கு நிகராகக் காற்றில் பறக்கிறது. வெப்ப நாட்டில் இருந்துகொண்டு இதை ஊகிப்பது கடினம்.

அதை அங்குள்ள மக்கள் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். ரெஜைனாவுக்குக் கிழக்கே உள்ள இண்டியன் ஹெட் பகுதியில், 1885இல் நடந்த கிளர்ச்சியின்போது உழவுக் குதிரைகள் படைப் போக்குவரத்துக்குப் போய்விட்டதால் விதைக்கப்படாமல் கிடந்த நிலத்தில், அடுத்த ஆண்டின் வறட்சியிலும் கோதுமை நன்றாக விளைந்தது. ஓராண்டு மண்ணில் சேர்ந்த ஈரம் மறு ஆண்டுப் பயிரைக் காப்பாற்றியது. பின்னர் அங்கே அமைந்த அரசுச் சோதனைப் பண்ணையின் முதல் கண்காணிப்பாளரான ஆங்கஸ் மக்கே இந்த முறையைப் பரப்பினார். ஓராண்டு பயிர், ஓராண்டு தரிசு என்பதே சமவெளியின் வழக்கமாயிற்று. களை முளைக்கவிடாமல் தரிசு நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுதார்கள். மழை ஓரளவு பெய்த ஆண்டுகளில் அது சரியாகவே இருந்தது. 1930களில் வறட்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபோது, தாள் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த களித்தரை காற்றில் எழுந்து பகலை இருட்டாக்கியது. 1937 எல்லாவற்றிலும் மோசமான ஆண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1935இல், புல்வெளி வேளாண்மையை மீட்பதற்கென்று கனடா அரசு தனிச் சட்டம் இயற்றித் தனி நிர்வாகத்தை அமைத்திருந்தது.

தரிசில் விழுந்த மழையிலும் பனியிலும் ஏறக்குறைய கால் பங்குதான் மண்ணில் தங்கியது; மீதம் ஆவியாகவோ வழிந்தோ போயிற்று. இந்தக் கணக்கு தெளிவானதும், 1990களிலிருந்து உழாமலேயே விதைக்கும் முறை வேகமாகப் பரவியது. அறுவடையான தாள் நிலத்தில் நின்றபடியே குளிர்காலத்தைக் கடக்கிறது. காற்று அடித்துக்கொண்டு வரும் பனி அந்தத் தாளில் சிக்கி நிலத்திலேயே தங்குகிறது. இங்கேதான் வெடிப்பு நன்மையாக மாறுகிறது. உறைந்த மண் பொதுவாக நீரை உள்ளே விடாது. வசந்தத்தில் உருகும் பனி பெரும்பாலும் மேலே ஓடிவிடும். ஆனால் இலையுதிர்காலத்தில் மூடாமல் ஆழமாகப் பிளந்து உறைந்த களிமண்ணில், உருகும் நீர் ஏறக்குறைய முழுவதும் பிளவுகளின் வழியே கீழே இறங்கிவிடுகிறது. வறட்சியில் பிளந்த பிளவே அடுத்த பயிருக்கான நீர்வழியாகிறது. ஒரு மீட்டர் ஆழத்துக் களி, பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீராகச் சுமார் 200 மி.மீ. வரை சேமித்து வைத்துக்கொள்ள வல்லது. 390 மி.மீ. மட்டும் பெறும் நாட்டில் இந்தச் சேமிப்பு இல்லாவிட்டால் விவசாயமே நிலைத்திருக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. களி தன் ஈரத்தில் ஒரு பெரிய பங்கை வேருக்குக் கொடுக்காமல் இறுக வைத்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த களியில் சிறு தூறல் விழுந்தால், மேல் இரண்டு விரற்கடை நனைவதோடு சரி. பயிருக்கு எதுவும் கிடைக்காது. அதே தூறல் மணற்பாங்கான நிலத்தில் ஓரளவு பயன்படும். ஆகவே விட்டுவிட்டுச் சிறிதாகப் பெய்யும் ஆண்டில் களிமண் விவசாயியே முதலில் வாடுகிறார். பனி நிறைந்து நிலம் ஆழமாக நனைந்த ஆண்டில் அவரே கடைசிவரை நிற்கிறார்.

நிறத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. நம் கரிசல் கன்னங்கரேலென்று இருந்தாலும், அதில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழேதான். வெயில் மக்கை விரைவில் எரித்துவிடுகிறது. ரெஜைனா களி சாம்பல் கலந்த அடர்பழுப்பாகத்தான் தெரியும். ஆயினும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வேர்கள் விட்டுச்சென்ற மக்கு, குளிரில் மெதுவாகவே சிதைவதால், நம்மைவிடப் பல மடங்கு அதிகமாக அதில் தங்கியிருக்கிறது. கீழே செல்லச் செல்லச் சுண்ணாம்பும், அதற்கும் கீழே ஜிப்சமும் வருகின்றன. மழை குறைவாதலால் உப்புகள் கழுவப்பட்டு வெளியேறுவதில்லை. தாழ்ந்த இடங்களில் அவை மேலேறி வெள்ளை பூப்பதும் உண்டு.

கட்டடங்களுக்கு இந்த மண் நல்லதல்ல. குளிரில் தரை ஆழமாக உறைவதால் வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டுவது அங்கே வழக்கம். தோண்டினால் வீங்கிச் சுருங்கும் களி சுவரைத் தள்ளுகிறது. ரெஜைனாவின் வீடுகளில் உத்திரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியவையாக அமைக்கிறார்கள். மண் அசைவதற்கேற்பத் தூணைத் திருகிச் சரிசெய்கிறார்கள். 1908 முதல் 1912 வரை கட்டப்பட்ட மாகாணச் சட்டமன்றக் கட்டடத்துக்கே, 1997க்கும் 2001க்கும் இடையில் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தும் பெரிய வேலை தேவைப்பட்டது. இன்னொரு பனியுக ஏரியான அகாசிஸ் விட்டுச்சென்ற களியின் மேல், வினிபெக் நகருக்கு அருகில் டிரான்ஸ்கோனாவில் கட்டிய தானியக் களஞ்சியம், 1913 அக்டோபர் 18 அன்று நிரம்பிக்கொண்டிருந்தபோதே அமிழத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்தது. கான்கிரீட் உடையவில்லை, அடியிலிருந்த ஈரக்களிதான் பாரம் தாங்காமல் விலகியது. பின்னர் அதற்கு அடியில் பாறைவரை தூண்கள் இறக்கி நிமிர்த்திவிட்டார்கள் என்பதை மண் பொறியியல் படித்தவர்கள் அறிவார்கள். நம் நாட்டில் கரிசலுக்கு அண்டர்ரீம்டு பைல் எனப்படும், அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண் போடுவதும், வீங்கும் களியை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்புவதும் இதே கவலையால்தான்.

மைசூர் பருப்புக்கு வருகிறேன். 1970களின் தொடக்கம்வரை சஸ்காட்செவானில் அது அநேகமாக இல்லாத பயிர். அம்மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்டு உருவாக்கிய லேர்டு ரகம் 1978இலும் எஸ்டன் ரகம் 1980இலும் வந்த பிறகு, தரிசாகக் கிடந்த ஆண்டுகளின் இடத்தைப் பருப்பு பிடித்துக்கொண்டது. தரையோடு ஒட்டிக் காய்க்கும் செடி அது. கல்லில்லாத, மட்டமான ஏரித்தரையில்தான் அறுவடை எந்திரத்தின் கத்தியைத் தரைவரை தாழ்த்த முடியும். வறண்ட காற்று நோயைக் குறைக்கிறது, ஆழத்து ஈரம் கடைசிவரை துணை நிற்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் தானே சேர்த்துக்கொள்கிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டும் அதே களி நீரைக் கோத்துக்கொண்டு வேரழுகலை வரவழைத்துவிடுகிறது. பருப்பையும் பட்டாணியையும் அடுத்தடுத்து விதைத்த நிலங்களில் அது இப்போது பெரும் தொல்லையாக இருக்கிறது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று ஏரி வண்டலைச் செம்மண் நிலத்தில் அடிக்கும் வேலை நம் பக்கத்தில் கோடையில் நடக்கிறது. மணற்பாங்கான செம்மண்ணுக்கு அது மிக நல்ல சேர்க்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டிப்பரில் கொட்டிய மறுநாளே ரோட்டவேட்டரை இறக்குவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. களியைக் குருணையாக்க நமக்கு உறைபனி இல்லை. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதொன்றே இங்கே அந்த வேலையைச் செய்யும். வண்டலைப் பங்குனிக்குள் கொட்டி, மெல்லிய படலமாகப் பரப்பி, கோடை மழைக்கு விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஓரிரு மழை நனைத்து வெயில் காயவைத்த பிறகு, கட்டிகள் கையால் பிட்டாலே உதிரும். அப்போது கொக்கிக் கலப்பையால் மேலாக ஓட்டினாலே செம்மண்ணோடு கலந்துவிடும். ஈரம் காயாத பாளங்களின் மேல் எந்திரத்தை ஏற்றினால் அவை அரைபட்டுப் பசையாகி, காய்ந்ததும் நிலத்துக்குள் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். கேழ்வரகு வேர் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர உள்ளே நுழையாது.